மாடு சினை நிற்கவில்லை என்பதை எந்தச் சோதனை முதலில், நம்பும்படி சொல்லும்?

சினை ஊசி போட்ட மாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பது "சினை நின்றுவிட்டதா?" என்றுதான். பரிசோதனைக்குப் பணமும் நேரமும் செலவிடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த மாடு சினை நிற்காமல் இருக்கிறது, அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்? சினை நின்ற மாட்டுக்கு அந்த வாரம் நாம் செய்ய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை, தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும். நிற்காத மாட்டுக்குத்தான் மறுபடி கவனிப்பு, மறுபடி ஊசி, ஒருவேளை சிகிச்சை. பருவச் சுழற்சி சராசரி 21 நாள். மூன்று மாதம் கழித்து மலக்குடல் வழியாகக் கை போட்டுப் பார்த்து "வெறும் மாடு" என்று தெரிந்தால் அதற்குள் நான்கு பருவம் கைநழுவியிருக்கும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனை இரண்டு விதமாகத் தவறலாம், இரண்டுக்கும் விலை ஒன்றல்ல. வெறும் மாட்டைச் சினை என்று சொல்லிவிட்டால் நாள்கள் வீணாகும், அடுத்த பரிசோதனையில் திருத்திக்கொள்ளலாம். சினை மாட்டை வெறும் மாடு என்று சொல்லி, அதை நம்பி, மாட்டை மறுபடி பருவத்துக்குக் கொண்டுவரும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டுவிட்டால் கன்று போய்விடும். திருத்த வழியே இல்லை. அதனால் "எந்தச் சோதனை துல்லியமானது?" என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. முடிவு தெரிந்ததும் அந்த மாட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடலுக்குள் எந்த நாளில் என்ன தெரிகிறது

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு முதல் நாள் உண்டு. அதற்கு முன்னால் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் பார்ப்பதற்கு உள்ளே எதுவும் இல்லை. சினை ஊசி போட்டுக் கருவூட்டிய பின் முதல் இரண்டு வாரம் சினை மாட்டுக்கும் வெறும் மாட்டுக்கும் இரத்தத்தில் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் சினைப்பையில் முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற சுரப்பி இருக்கும், அது சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருக்கும். 16ஆம் நாள் வாக்கில் வழி பிரிகிறது. கரு, நூல்போல நீண்டு இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது கருப்பையின் உள்சுவர் புரோஸ்டாகிளாண்டினை அலை அலையாக வெளியிடுவதைத் தடுக்கிறது. கார்ப்பஸ் லூட்டியம் பிழைத்துக்கொள்கிறது. கரு இல்லாத மாட்டில் தடுப்பவர் இல்லை. கார்ப்பஸ் லூட்டியம் சுருங்குகிறது, புரோஜெஸ்டிரோன் சரிகிறது, 21ஆம் நாள் வாக்கில் மாடு பருவத்துக்கு வருகிறது.

மூன்றாவது வாரக் கடைசியில் கருவின் வெளிச்சவ்வு கருப்பைச் சுவரோடு ஒட்டத் தொடங்குகிறது. அந்தச் சவ்வில் இருக்கும், இரண்டு உட்கரு கொண்ட செல்கள் சுவருக்குள் இடம்பெயர்ந்து, சினைசார் கிளைக்கோபுரதங்களை, அதாவது பிஏஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படுபவற்றை, தாயின் இரத்தத்தில் விடுகின்றன. நான்காவது வாரம் கருவின் இதயத்துடிப்பை ஸ்கேனில் பார்க்கலாம். ஐந்தாவது வாரம் விரலுக்குத் தட்டுப்படும். இந்த வரிசையைப் புரிந்துகொண்டால், "10 நாளில் சினை சொல்லும்" என்று யாராவது ஏதாவது விற்க வந்தால் என்ன பதில் சொல்வது என்று தெரிந்துவிடும்.

பருவம் திரும்புகிறதா என்று பார்ப்பது

செலவில்லாத முறை, எந்தப் பண்ணையும் விட்டுவிடக் கூடாத முறையும்கூட. கருவூட்டிய 18 முதல் 24 நாள் வரை காலையிலும் மாலையிலும், தீனி போடாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு முறையும் குறைந்தது 20 நிமிடம் மந்தையைக் கவனிக்க வேண்டும். மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்பதுதான் உறுதியான அறிகுறி. கண்ணாடிபோல் தொங்கும் வழும்பு, கத்துவது, பால் குறைவது எல்லாம் துணை அறிகுறிகள்.

பருவத்துக்கு வந்த மாடு பெரும்பாலும் வெறும் மாடு. வராத மாடு சினை என்று எழுதுவதில்தான் தவறு நடக்கிறது. அறிகுறி காட்டாத ஊமைப் பருவம், கவனிக்காமல் விட்ட இரவுப் பருவம், சினைப்பை செயல்படாமல் இருப்பது, கார்ப்பஸ் லூட்டியம் கரையாமல் நிற்பது என்று வராததற்குப் பல காரணங்கள் உண்டு. எருமையில் அறிகுறிகள் மங்கலாக இருப்பதால் இந்த முறையை மட்டும் நம்பியிருப்பது இன்னும் ஆபத்து. கட்டிப்போட்டு வளர்க்கும் கொட்டகையில் ஏறிக்காட்ட வழியே இல்லாததால் பாதிப் பருவங்கள் கண்ணில் படுவதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சினை மாடுகளில் ஒரு சிறு பகுதி பருவ அறிகுறி காட்டும். அதைப் பார்த்ததும் சினை ஊசிக் குழாயைக் கருப்பைக்குள் செலுத்தினால் கருச்சிதைவு ஆகலாம். முன்பு கருவூட்டிய மாடு மறுபடி பருவம் காட்டினால் கருப்பையின் இறுக்கத்தையும் வழும்பையும் கை போட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் குழாயைக் கருப்பை வாயின் நடுவிலேயே நிறுத்தி உறைவிந்தை அங்கேயே விட்டுவிடுவது நல்ல வழக்கம்.

புரோஜெஸ்டிரோன்: "இல்லை" என்றால் நம்பலாம், "ஆம்" என்றால் யோசிக்கலாம்

பாலில் புரோஜெஸ்டிரோனை அளந்து சினை பார்க்கலாம் என்று லாயிங், ஹீப் இருவரும் 1971இல் காட்டினார்கள். கருவூட்டிய 21 முதல் 24 நாளுக்குள் ஒரு மாதிரி. அளவு தரைமட்டமாக இருந்தால் செயல்படும் கார்ப்பஸ் லூட்டியம் இல்லை, ஆகவே சினையும் இல்லை. இந்தப் பதில் ஏறக்குறைய எப்போதும் சரி. அளவு அதிகமாக இருந்தால் அன்றைக்குக் கார்ப்பஸ் லூட்டியம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கரு இருக்கிறதா என்று இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருவூட்டிய 100 மாடுகளில் 40 சினை, 60 வெறுமை என்று வைத்துக்கொள்வோம். 21ஆம் நாள் அந்த 60இல் 45க்குப் புரோஜெஸ்டிரோன் சரிந்துவிட்டது. மீதி 15க்குச் சுழற்சி நீண்டுவிட்டது, அல்லது கரு 17ஆம் நாளுக்குப் பிறகு இறந்தது, அல்லது பருவமே இல்லாத நேரத்தில் ஊசி போடப்பட்டது. இப்போது "குறைவு" என்று வந்த 45உம் வெறும் மாடுகளே. "அதிகம்" என்று வந்த 55இல் 40தான் சினை, நான்கில் ஒன்றுக்கு மேல் தவறு. இந்த எண்கள் கணக்குக்காக எடுத்தவை. ஆனால் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் பலவீனமாகவும் இருக்கும் இந்தச் சாய்வு எந்தப் பண்ணையிலும் மாறாது. கருப்பையில் சீழ் தேங்கிய மாடும், சினைப்பையில் லூட்டியல் கட்டி (புரோஜெஸ்டிரோன் சுரக்கும் நீர்க்கட்டி) உள்ள மாடும் இந்த 55இல்தான் ஒளிந்திருக்கும்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகள் சோதனையின் பேரில் விழுகின்றன. புரோஜெஸ்டிரோன் கொழுப்பில் கரைவது. முதல் பீச்சலில் கொழுப்பு குறைவு, கடைசிப் பீச்சலில் அதிகம். ஒரு மாட்டுக்கு முதல் பாலும் இன்னொரு மாட்டுக்குக் கடைசிப் பாலும் எடுத்தால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. சோதனைத் தொகுப்பு எந்தப் பாலைக் கேட்கிறதோ அதையே எல்லா மாட்டுக்கும் எடுக்க வேண்டும். இரத்தமாக இருந்தால் வேறொரு சிக்கல்: மாட்டின் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே புரோஜெஸ்டிரோனைச் சிதைக்கும். எடுத்த குழாயை வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டு மாலையில் பிரித்தால், சினை மாட்டின் அளவுகூட வெறும் மாடுபோல் இறங்கிவிடும். உடனே பனிக்கட்டியில் வைத்து, கூடிய சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரித்தெடுக்க வேண்டும்.

கை போட்டுப் பார்ப்பது

கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பதில் அங்கேயே கிடைக்கும். தேர்ந்த கைக்கு 35 முதல் 40 நாளில் சொல்ல முடியும். பழகிக்கொண்டிருக்கும் கைக்கு 60 நாளுக்கு முன்னால் சொல்லச் சொல்வது நியாயமில்லை. எருமையில் சில நாள் தள்ளியே வைத்துக்கொள்வது நல்லது.

முறை இப்படி: தோள்வரை வரும் கையுறை, தாராளமாக வழவழப்புத் திரவம், விரல்களைக் கூம்பாகக் குவித்து மெதுவாக உள்ளே. மாடு முக்கினால் கையைத் தள்ளாமல் அப்படியே நிறுத்த வேண்டும். அலை கடந்த பின்தான் நகர்த்த வேண்டும். இல்லையென்றால் மலக்குடல் சுவர் கிழியும். சாணத்தை அகற்றிவிட்டு இடுப்பெலும்புத் தளத்தில் உள்ளங்கையைப் படிய வைத்தால் கருப்பை வாய் கட்டியான குழாயாகத் தட்டுப்படும். அதைப் பிடித்து முன்னால் போனால் கருப்பையின் இரண்டு கிளைகளும், அதாவது கொம்புகளும், பிரியும் இடம். கருப்பையைப் பின்னுக்கு இழுத்துக் கைக்குள் கொண்டுவராமல் சினை இல்லை என்று சொல்லவே கூடாது.

35 நாளில் ஒரு கொம்பு மற்றதைவிடச் சற்றுப் பருத்து, சுவர் மெலிந்து, உள்ளே நீர் இருப்பது தெரியும். அந்தக் கொம்பின் அகலமான பகுதியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெல்லக் கிள்ளித் தூக்கி, பிடியைத் தளர்த்தினால் முதலில் ஒரு மெல்லிய நூல் போன்றது விரலிடுக்கிலிருந்து நழுவும். அடுத்து தடித்த கருப்பைச் சுவர் நழுவும். அந்த முதல் நழுவல்தான் கருச்சவ்வு. 35 முதல் 90 நாள் வரை இதைவிட நல்ல சாட்சி கைக்குக் கிடையாது. சீழ் தேங்கிய கருப்பையும் பெரிதாக, நீரோடு இருக்கும். ஆனால் சுவர் தடித்து மாவு பிசைந்ததுபோல் இருக்கும், சவ்வு நழுவாது.

பனிக்குடத்தையும் உணரலாம். 35ஆம் நாள் வாக்கில் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. அளவில், இறுக்கமான சிறு உருண்டையாக இருக்கும். அதைத் தேடி அழுத்தாமல் இருப்பதே நல்லது. பனிக்குடம் உடைந்தால் கரு சாகும். 42 நாளுக்கு முன் பனிக்குடத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கும், கன்றுகள் பெருங்குடல் அடைபட்டுப் பிறப்பதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பரம்பரையும் அதில் சேர்ந்திருக்கிறது. சவ்வு நழுவலை ஒரே ஒரு முறை, மென்மையாகப் பார்த்தால் கரு இழப்பு குறிப்பிடும்படி கூடுவதில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள நாலைந்து முறை கிள்ளுவதில்தான் சிக்கல்.

75 நாளுக்குப் பிறகு, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரோடு இணையும் பொத்தான்கள் தட்டுப்படும். 60 நாளில் கன்று சுண்டெலி நீளம், 90 நாளில் எலி நீளம், 120 நாளில் சிறு பூனை நீளம் என்று பழைய கைகள் சொல்லித்தருவது நினைவில் வைக்க வசதியானது. ஐந்தாம் ஆறாம் மாதம் கருப்பை வயிற்றுக்குள் இறங்கிவிடும், கன்று எட்டாது. அங்கேதான் புதியவர் "எதுவும் இல்லை" என்று சொல்லிவிடுவார். அப்போது தேட வேண்டியது கருப்பைத் தமனி. சினைப் பக்கத்தில் அது தடித்து, நாடித்துடிப்புக்குப் பதிலாக "சர்ர்" என்று அதிரும். தொடைப் பக்கம் போகும் தமனியோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க ஒரு வழி: கருப்பைத் தமனியை விரலிடுக்கில் பிடித்து இங்கும் அங்கும் நகர்த்தலாம், மற்றது எலும்போடு ஒட்டி நிற்கும்.

சவ்வு நழுவல், பனிக்குடம், பொத்தான், கன்று இந்த நான்கில் ஒன்றையாவது உணர்ந்தால்தான் சினை. கொம்பு பருத்திருக்கிறது, கார்ப்பஸ் லூட்டியம் இருக்கிறது என்பதெல்லாம் சந்தேகம் மட்டுமே.

ஸ்கேன்

பசுவின் சினையை மலக்குடல் வழி ஸ்கேனில் தொடர்ந்து பார்க்க முடியும் என்று பியர்சனும் ஜிந்தரும் 1984இல் விரிவாகக் காட்டினார்கள். இன்று 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் நேர்வரிசை புரோப் (ஸ்கேன் கருவியின் உணர்முனை) பசுவுக்கும் எருமைக்கும் வழக்கமானது. தேர்ந்தவருக்கு 26 நாளிலேயே தெரியும். ஆனாலும் வழக்கமான வேலைக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன், கிடேரிகளுக்கு 28. அந்த இரண்டு நான்கு நாள் பொறுமை, சந்தேக மாடுகளைக் குறைக்கும்.

சாணத்தை நன்றாக அகற்றாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு நிழல் விழும். கருவி பழுது என்று நினைப்பவர்கள் உண்டு, காரணம் புரோபுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிய காற்று. முதலில் மூத்திரப்பையைக் கண்டுபிடித்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்: பெரிய, ஒரே கறுப்பு, தனி வட்டம். அதைச் சினை நீர் என்று எண்ணி "சினை" என்று சொல்வது தொடக்கத்தில் எல்லோருக்கும் நேரும் தவறு. கருப்பைக் கொம்பின் குறுக்கு வெட்டில் கறுப்பு நீர், அதற்குள் ஒரு சாம்பல் நிறப் பயறு, அதன் நடுவில் படபடவென்று மினுக்கம். அந்த மினுக்கம் இதயம். 30 நாளில் கருவின் நீளம் சுமார் 1 செ.மீ., 60 நாளில் 6 செ.மீ. அளவுக்கு வரும்.

நீர் மட்டும் தெரிந்து கரு தெரியாவிட்டால் "சினை" என்று எழுத வேண்டாம், "ஒரு வாரத்தில் மறுபடி" என்று எழுதுங்கள். நீருக்குள் பனி பெய்வதுபோல் வெள்ளைத் துகள் மிதந்தால் சீழ். கரு இருந்தும் துடிப்பில்லை, விளிம்பு மங்கலாக இருக்கிறது, சவ்வு பிரிந்து மிதக்கிறது என்றால் கரு இறந்துவிட்டது.

மற்ற எந்த முறையும் இவ்வளவு தெளிவாகத் தராத மூன்றை ஸ்கேன் தருகிறது. கரு உயிரோடு இருக்கிறதா என்பது முதலாவது. இரட்டைக் கன்றா என்பது இரண்டாவது, இதற்கு இரண்டு கொம்பையும் நுனிவரை பார்க்க வேண்டும். வெறும் மாட்டின் சினைப்பையில் என்ன இருக்கிறது என்பது மூன்றாவது. எங்கள் பார்வையில் மூன்றாவதுதான் அதிகம் மதிக்கத்தக்கது: கார்ப்பஸ் லூட்டியம் இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் வேலை செய்யும், இல்லாவிட்டால் வீண். வேறு சோதனைகள் "இல்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும், ஸ்கேன் அடுத்த படியையும் சேர்த்துச் சொல்லும். கன்றின் பாலினத்தை 55 முதல் 70 நாளுக்குள் பார்க்கலாம். பிறப்புறுப்பு முகடு தொப்புள்கொடிப் பக்கம் போயிருந்தால் காளை, வாலடிக்குப் போயிருந்தால் கிடேரி.

பிஏஜி: மருத்துவர் வரமுடியாத பண்ணைக்கு

1982இல் பட்லர் குழுவினர் பசுவின் நஞ்சுக்கொடியில் இருந்து சினை சார்ந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்ததில் இந்த வழி தொடங்கியது. கருவூட்டிய 28 நாளுக்குப் பிறகு இரத்தத்திலோ பாலிலோ அளக்கலாம். நஞ்சுக்கொடி சுரப்பதையே அளப்பதால் புரோஜெஸ்டிரோனில் இருந்த "ஆம்" பக்கப் பலவீனம் இதில் மிகவும் குறைவு. பயிற்சி பெற்ற பண்ணையாளே வாலடி இரத்தக்குழாயில் 2 முதல் 3 மி.லி. இரத்தம் எடுத்துவிடலாம். வாலை நேராகத் தூக்கி, அடிப்புறத்து நடுக்கோட்டில் இரண்டு எலும்புக் கணுக்களுக்கு நடுவில் ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும். மாட்டுக்கு ஒரு புது ஊசி. ஒரே ஊசியால் பத்து மாட்டைக் குத்தினால் முந்தைய மாட்டின் இரத்தம் அடுத்த மாதிரியில் கலப்பதோடு, அனபிளாஸ்மா போன்ற நோயும் சேர்ந்து போகும்.

தவறுகள் மூன்று இடத்தில் வரும். முதலாவது, ஈன்ற மாட்டின் இரத்தத்தில் பழைய சினையின் பிஏஜி வாரக்கணக்கில் தங்கியிருக்கும். ஈனும் தறுவாயில் உச்சத்தில் இருப்பது மெதுவாகத்தான் கரையும். ஈன்று 60 நாள் ஆகாத மாட்டில் "சினை" என்று வந்தால் அது போன கன்றின் நிழலாக இருக்கலாம். தொகுப்பைப் பொறுத்து இந்த நாள் இன்னும் கூடும், அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டாவது, கரு இறந்த பிறகும் ஒரு வாரம், சில மாடுகளில் அதற்கு மேலும், சோதனை சினை என்றே சொல்லும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 30 நாள் வாக்கில் ஏறும் பிஏஜி, 45 முதல் 70 நாள்வரை ஒருமுறை தாழ்ந்து பிறகு மறுபடி ஏறும். பாலில் இந்தப் பள்ளம் இன்னும் தெளிவு. அந்த நாள்களில் பால் மாதிரி எடுத்தால் நல்ல சினை மாடுகூட "மறுபடி சோதிக்கவும்" என்றோ "இல்லை" என்றோ வரலாம். முதல் சோதனை 32 நாளில், மறுசோதனை 75 நாளுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் பள்ளத்தைத் தாண்டிவிடலாம்.

இதிலும் ஒரு கணக்கு. சினையில் 100க்கு 98உம் வெறுமையில் 100க்கு 95உம் சரியாகச் சொல்லும் சோதனை என்று கொள்வோம். அதே 100 மாடு, 40 சினை. சுமார் 39 சினை சரியாக வரும், 1 தவறி "இல்லை" என்று வரும். வெறும் மாடுகளில் 57 சரியாகவும் 3 தவறாகவும் வரும். "இல்லை" என்ற 58 மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு புரோஸ்டாகிளாண்டின் போட்டால் ஒரு கன்று போகும். மந்தையில் சினை விகிதம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். குழாயில் மாட்டின் எண்ணை மாற்றி ஒட்டுவதால் வரும் தவறு இதில் சேரவில்லை. பெரிய மந்தையில் அதுவே முதல் தவறாக இருப்பதும் உண்டு.

இன்னும் முன்னால் போகும் ஆய்வுகள்

வண்ண டாப்ளர் ஸ்கேன் கார்ப்பஸ் லூட்டியத்துக்குள் ஓடும் இரத்தத்தைக் காட்டுகிறது. 20 முதல் 22 நாளில் ஓட்டம் அற்றுப்போயிருந்தால் அந்த மாடு வெறுமை, ஏறக்குறைய சந்தேகமில்லை. ஓட்டம் இருப்பவற்றில் கணிசமானவையும் பின்னர் வெறுமையாகத் தேறும். புரோஜெஸ்டிரோனுக்கு இருந்த அதே சாய்வு, ஆனால் மாதிரி அனுப்பிக் காத்திருக்க வேண்டாம், பதில் அங்கேயே. ஒரே நாளில் பருவ ஒருங்கிணைப்பு செய்து கருவூட்டும் பெரிய மந்தைக்குப் பொருந்தும்.

இன்டர்ஃபெரான் டவ் வெள்ளணுக்களில் தூண்டிவிடும் மரபணுக்களை 18 முதல் 20 நாளில் அளக்கும் முறை ஆய்வகத்தில் பயனுள்ளது, கரு எந்த நாளில் இறக்கிறது என்று ஆராய மிகவும் உதவுகிறது. பண்ணைக்கு வரத் தடை, வைரஸ் தொற்று வந்தாலும் அதே மரபணுக்கள் விழித்துக்கொள்வது.

சிறுநீரில் கோதுமை விதையை முளைக்கவைக்கும் சோதனை, பேரியம் குளோரைடு சொட்டுச் சோதனை இரண்டையும் செலவில்லாதவை என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். சினை மாட்டின் சிறுநீர் முளைப்பைத் தடுக்கும் என்பது முதலாவதன் அடிப்படை. ஆனால் தண்ணீர் குறைவாகக் குடித்த எந்த மாட்டின் அடர்ந்த சிறுநீரும் உப்பாலும் யூரியாவாலும் விதையைத் தடுக்கும். மாணவருக்குச் செய்துகாட்டலாம். அதை வைத்து ஊசி போடவோ மாட்டை விற்கவோ வேண்டாம்.

மற்ற கால்நடைகளில் கணக்கு மாறும்

வெள்ளாட்டில் புரோஜெஸ்டிரோன் ஏமாற்றும். கருவே இல்லாமல் கருப்பையில் நீர் கோத்து, மாதக்கணக்கில் வயிறு பெருக்கும் பொய்ச்சினை அங்கே அடிக்கடி வரும், கார்ப்பஸ் லூட்டியமும் சுரந்துகொண்டே இருக்கும். பிஏஜியும் ஸ்கேனும் அதைப் பிடித்துவிடும்: நீர் நிறைய, பொத்தான் இல்லை, குட்டி இல்லை. ஆடுகளுக்கு வயிற்றின் வழியாக, தொடையிடுக்கில் முடியில்லாத இடத்தில் 3.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் புரோபை வைத்துப் பார்ப்பது வழக்கம். 35 நாளுக்கு மேல் சினை தெரியும். குட்டிகளை எண்ண 45 முதல் 90 நாள் ஏற்றது, அதற்குப் பிறகு ஒன்றை ஒன்று மறைக்கும். இரட்டை, மும்மை சுமக்கும் ஆட்டைத் தனியே பிரித்துத் தீனி கூட்டுவதுதான் எண்ணுவதன் பயன்.

பன்றியில் 18 முதல் 24 நாள்வரை ஆண் பன்றியைக் காட்டிப் பருவம் பார்ப்பதும், 28 நாளில் வயிற்று ஸ்கேனும் சேர்ந்தால் போதும். குதிரையில் 14 முதல் 16 நாள் ஸ்கேன் தவிர்க்கக் கூடாதது. இரட்டைக் கரு இருந்தால் அது 16ஆம் நாள் வாக்கில் ஓரிடத்தில் நிலைகொள்வதற்கு முன்தான் ஒன்றை எளிதாக நீக்க முடியும். 1930இல் கோல், ஹார்ட் கண்டறிந்த குதிரைச் சினை ஹார்மோனை 40 முதல் 120 நாள்வரை இரத்தத்தில் அளக்கலாம். ஆனால் அதைச் சுரக்கும் கருப்பைக் கிண்ணங்கள் (கருப்பைச் சுவரில் கிண்ணம்போல் உருவாகும் திசுக்கள்) உருவான பின் கரு இறந்தாலும் சுரப்பு நிற்காது, செத்த சினைக்கும் "ஆம்" என்றே வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஐந்து பத்து மாடு வைத்திருப்பவருக்கு, பக்கத்தில் தேர்ந்த கை ஒன்று இருந்தால், 18 முதல் 24 நாள் பருவக் கவனிப்பும் 45 முதல் 60 நாளில் கை பரிசோதனையும் போதுமானவை. பருவம் சரியாகத் தெரியாத எருமையோ கட்டிப்போட்ட கொட்டகையோ என்றால் இடையில் 21-24 நாள் புரோஜெஸ்டிரோனைச் சேர்ப்பது நல்ல முதலீடு. குறைவு என்று வந்த மாட்டை அன்றைக்கே கவனிக்கத் தொடங்கலாம்.

மருத்துவர் மாதம் ஒருமுறைதான் வருவார் என்றால் பிஏஜி. "இல்லை" என்று வந்த மாட்டுக்கு நேராகப் புரோஸ்டாகிளாண்டின் போடாமல், பருவம் கண்டு ஊசி போடும் வழியையோ, கை அல்லது ஸ்கேனால் ஒருமுறை உறுதிப்படுத்தும் வழியையோ எடுங்கள்.

நேரம் குறித்துக் கருவூட்டும் பண்ணையில் ஸ்கேனுக்கு ஈடில்லை. பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் 1995இல் வெளியிட்ட ஓவ்சிங்க் முறையில் முதலில் முட்டை வெளியாவதைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோன் ஊசி, 7 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், இரண்டு நாள் கழித்து மறுபடி ஜிஎன்ஆர்எச், அதன்பின் ஒரு நாளுக்குள் கருவூட்டல். இதைப் பரிசோதனையோடு பின்னலாம். கருவூட்டிய 25ஆம் நாள் எல்லா மாட்டுக்கும் முதல் ஜிஎன்ஆர்எச், சினையாக இருந்தாலும் அது கெடுக்காது. 32ஆம் நாள் ஸ்கேன். வெறும் மாட்டுக்கு அன்றே புரோஸ்டாகிளாண்டின், 35ஆம் நாளுக்குள் மறு கருவூட்டல். கை மட்டும்தான் இருக்கிறது என்றால் அதே திட்டத்தை ஒரு வாரம் தள்ளி, 32இல் ஜிஎன்ஆர்எச், 39இல் கை பரிசோதனை என்று நடத்தலாம். ஒரு வாரம்தான் வித்தியாசம். தேர்ந்த கை ஏற்கெனவே இருக்கும் பண்ணை அந்த ஒரு வாரத்துக்காகக் கருவி வாங்க வேண்டுமா என்பதை மந்தையின் அளவை வைத்து முடிவு செய்யலாம். இரட்டைச் சினையும் சினைப்பைக் கோளாறும் அதிகமுள்ள, அதிகப் பால் தரும் மந்தை என்றால் வாங்குவதற்கே எங்கள் வாக்கு.

எந்த முறையானாலும் முதல் "சினை" கடைசிப் பதில் ஆகாது. அதிகம் கறக்கும் மாடுகளில் 30 நாளில் சினை என்று கண்ட பத்தில் ஒன்று 60 நாளுக்குள் கருவை இழக்கலாம். 28 நாளில் பார்ப்பவர் 45 நாளில் பார்ப்பவரைவிட அதிகச் சினையும் அதிக இழப்பும் பதிவு செய்வார், அது பரிசோதனையின் குற்றம் இல்லை. 60 முதல் 75 நாளில் ஒரு மறுபரிசோதனை, பால் வற்றவைப்பதற்கு முன் ஒன்று என்று குறித்துவிடுங்கள். பதிவேட்டில் "சினை" என்று ஒரு சொல் எழுதினால் பிறகு யாருக்கும் உதவாது. "32ஆம் நாள், ஸ்கேன், இடக்கொம்பு, ஒரு கரு, துடிப்பு உண்டு" என்றோ, "41ஆம் நாள், கை, வலக்கொம்பு, சவ்வு நழுவல் உண்டு" என்றோ எழுதினால், 60ஆம் நாள் மாடு பருவம் காட்டும்போது கருவூட்ட வந்தவர் குழாயை எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த வரியைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.